ரெண்டு ஈட்டி, ஒரு குதிரை: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ன் சண்டைக் கணக்கு

கூடங்குளத்தில் இந்த ஆட்டம் ஆடுகிற பையன்கள் நடுவில் தீராத வழக்கு ஒன்று உண்டு. எந்த ஆயுதம் பெருசு? 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்த பிறகு வழக்கு இன்னும் சூடாகிவிட்டது. அதில் 'திராவிடர்கள்' என்று ஒரு நாகரிகம் சேர்த்திருக்கிறார்கள். ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். திரிசடை என்று ஒரு போர்க்கப்பல். ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை. எல்லாத்துக்கும் மேலே, நம்ம சிலம்பக் களத்துச் சுருள்வாளைக் கையில் சுழற்றிக்கொண்டு ஓடுகிற உருமி வீரன். 'இது நம்ம ஆயுதம்ல, இதை எவன் ஜெயிப்பான்?' என்று கேட்கிறார்கள்.

அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இந்தக் குறிப்பு. அந்த ஆட்டத்துக்குள் 'பெரிய ஆயுதம்' என்று தனியாக ஒன்று கிடையாது. எதிரில் யார் நிற்கிறான், அவனை உருவாக்க என்ன செலவு, எந்த இடத்தில் நிற்கிறான், நீங்கள் கொடுத்த உத்தரவு எப்போது போய்ச் சேர்கிறது என்ற நாலும் சேர்ந்துதான் அடியின் பலம்.

முதலில் கணக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு உயிர் எண் (நாம 'ஹெச்பி' என்கிறோம்), ஒரு தாக்கு எண், ரெண்டு கவச எண். கவசத்தில் ஒன்று வாள், ஈட்டி மாதிரி நெருங்கி அடிக்கிற அடிக்கு. இன்னொன்று அம்பு மாதிரி எய்கிற அடிக்கு. தாக்கிலிருந்து கவசத்தைக் கழித்தால் வருவது சேதம். எவ்வளவு கழித்தாலும் சேதம் 1-க்குக் கீழே போகாது. இதோடு முடிந்திருந்தால் ஆட்டம் சப்பென்று இருந்திருக்கும். ருசி அடுத்த படியில் இருக்கிறது. ஒவ்வொரு ஆளும் 'குதிரை', 'வில்லாளி', 'ஈட்டிக்காரன்', 'யானை', 'கட்டடம்' என்று ஏதோ ஒரு வகையில் அல்லது பல வகைகளில் சேர்ந்தவன். சில ஆயுதங்களுக்குச் சில வகைகள் மேல் கூடுதல் தாக்கு உண்டு. அந்தக் கூடுதலைத் தனியாகக் கணக்குப் போட்டு மேலே சேர்க்கிறார்கள்.

அடிப்படை எண்களை வைத்துப் பார்ப்போம். எண்கள் அப்டேட்டுக்கு அப்டேட் கொஞ்சம் ஆடும், முறை ஆடாது. வில்லாளிக்குத் தாக்கு 4, உயிர் 30. ஸ்கர்மிஷர் என்கிற எறியீட்டிக்காரனுக்குத் தாக்கு வெறும் 2, உயிர் அதே 30. பட்டியலைப் பார்க்கிறவன் வில்லாளியைத்தான் எடுப்பான். ஆனால் ஸ்கர்மிஷருக்கு அம்புக் கவசம் 3. வில்லாளி அடித்தால் 4-ல் 3 போக 1. அவனைச் சாய்க்க 30 அம்பு தைக்க வேண்டும். அவன் திருப்பி எறிந்தால் 2, அதோடு வில்லாளி வகை மேல் கூடுதல் 3, ஆக 5. ஆறே எறியில் வில்லாளி காலி. பட்டியலில் பாதித் தாக்கு உள்ளவன் களத்தில் ஐந்து மடங்கு அடிக்கிறான்.

இதைவிட எனக்குப் பிடித்தது குதிரைக் கணக்கு. நைட் என்ற குதிரை வீரனுக்கு உயிர் 100, தாக்கு 10, கவசம் 2. சாதாரண ஈட்டிக்காரனுக்கு உயிர் 45, தாக்கு 3, கவசமே இல்லை. ஆனால் குதிரை மேல் கூடுதல் 15. ஆகவே அவன் குத்து ஒன்றுக்கு 3-ல் 2 போக 1, அதோடு 15, மொத்தம் 16. 'ஈட்டி குதிரையை வெல்லும்' என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒத்தைக்கு ஒத்தை விட்டுப் பாருங்கள், ஈட்டிக்காரன் தோற்பான். நைட் 1.8 நொடிக்கு ஒரு வெட்டு வெட்டுகிறான், ஈட்டிக்காரன் 3 நொடிக்கு ஒரு குத்துதான். அஞ்சாவது வெட்டில், அதாவது 7.2-ஆவது நொடியில், ஈட்டிக்காரன் விழும்போது அவன் குத்தியிருப்பது மூன்றே குத்து. நைட்டிடம் இன்னும் 52 உயிர் பாக்கி.

இப்போது ரெண்டு ஈட்டிக்காரனை விடுங்கள். முதல் ஆள் விழுவதற்குள் ரெண்டு பேரும் சேர்ந்து ஆறு குத்து, 96 சேதம். நைட்டிடம் மிஞ்சுவது 4. ஒன்பதாவது நொடியில் ரெண்டாவது ஆளின் குத்து, குதிரை கீழே. செலவைப் பாருங்கள்: நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம். ரெண்டு ஈட்டிக்காரனுக்கு 70 உணவு, 50 மரம். தங்கம் ஒரு பொட்டுகூட இல்லை. ஆட்டத்தில் தங்கச் சுரங்கம் தீர்ந்துபோகும், மரமும் வயலும் அவ்வளவு சீக்கிரம் தீராது. அதனால்தான் தங்கம் கேட்காத ஈட்டிக்காரனையும் ஸ்கர்மிஷரையும் ஆட்டக்காரர்கள் 'ட்ராஷ்', குப்பைப் படை, என்று கூப்பிடுகிறார்கள். ஒரு மணி நேரம் தாண்டிய ஆட்டங்களை முடித்து வைப்பது பெரும்பாலும் இந்தக் குப்பைதான்.

திராவிடர்களுக்கு நைட்டே கொடுக்கவில்லை என்று நம்ம பையன்களுக்கு ஒரு மனக்குறை. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. தாமிரபரணி கடலில் சேர்கிற இடத்தில் பழையகாயல் இருக்கிறது இல்லையா, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டியர்களுக்கு அரபு நாட்டுக் குதிரை வந்து இறங்கிய துறை அதுதான். மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: இங்கே குதிரை வளர்ப்பு கிடையாது, வருகிற குதிரையும் பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போகிறது, அதனால் வருஷா வருஷம் பொன்னைக் கொட்டி மறுபடி வாங்குகிறார்கள். 75 தங்கம் என்ற எண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் காயல் துறைதான் ஞாபகம் வரும்.

சரி, உருமி. ஆட்டத்தில் அவனுக்கு ஒரு சேமிப்பு அடி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக அது நிரம்பும். நிரம்பியதும் விழும் முதல் அடி பலமாக விழும், சுற்றி நிற்கிற எதிரிகளையும் சேர்த்து அறுக்கும். கூட்டத்துக்குள் புகுந்த முதல் கணம் பயங்கரம், அதற்கப்புறம் சாதாரண வாள்காரன். இதில் எனக்கு ஒரு ஆட்சேபம் இருக்கிறது. திருவிழாவில் சுருள்வாள் சுற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுற்றுகிறவரைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் நிற்க மாட்டார்கள். கூடப் பயிற்சி எடுத்தவர்கள்கூட. தோளோடு தோள் உரசுகிற அணிவகுப்பில் அதை எடுத்தால் முதலில் அறுபடுவது பக்கத்து ஆள். ஆட்டத்திலோ நாற்பது உருமி வீரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுவார்கள், ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழாது. இத்தனைக்கும் சொந்தப் படையைச் சேதப்படுத்தும் விதி அதே ஆட்டத்தில் இருக்கிறது. கல் எறியும் மாங்கொனல் பொறி தன் ஆளையும் நசுக்கும். கல்லுக்கு வைத்த விதியைச் சுருள்வாளுக்கு வைக்காமல் விட்டுவிட்டார்கள். வைத்திருந்தால் யாரும் உருமியை எடுக்கவே மாட்டார்கள், அதுவும் புரிகிறது.

திராவிடர்களின் நிஜமான பலம் 'வூட்ஸ் ஸ்டீல்' ஆராய்ச்சிதான். அதைச் செய்துவிட்டால் நம்ம காலாளும் குதிரையும் அடிக்கிற அடிக்கு எதிரியின் கவசம் கணக்கிலேயே வராது. எல்லா மேம்பாடும் செய்த சாம்பியனின் தாக்கு 17. எதிரில் முழு மேம்பாடு செய்த பாலடின், உயிர் 180, கவசம் 5. வழக்கமாக 12, 12 என்று 15 வெட்டு வேண்டும். வூட்ஸ் இருந்தால் 11. கவசமில்லாதவன் எதிரில் வந்தால்? ஒரு லாபமும் இல்லை, கொட்டிய செலவு கொட்டியதுதான். நம்ம எஃகு உலகப் புகழ் பெற்றது உண்மை. கொடுமணலில் மூசைகள் கிடைத்திருக்கின்றன, மைக்கேல் ஃபாரடே 1819-லேயே அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் கவசத்தைக் காற்றாக ஊடுருவும் எஃகு ஆட்டத்தில் மட்டும்தான் உண்டு.

இனி உத்தரவு போய்ச் சேர்கிற கதை. இதில் அம்பு என்பது வெறும் எண் இல்லை, வானத்தில் பறந்து வருகிற ஒரு பொருள். சாதாரண வில்லாளியின் குறித் துல்லியம் 80 சதவீதம். அதோடு, 'பாலிஸ்டிக்ஸ்' ஆராய்ச்சி செய்யாதவரை அவன் எதிரி இப்போது நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் எய்வான், போய்ச் சேரப்போகிற இடத்தைப் பார்த்து இல்லை. எதிரி ஒரு எட்டு விலகினால் அம்பு மண்ணில். நல்ல ஆட்டக்காரர்கள் படையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டித் தப்பிப்பது இதனால்தான். அந்த விலகலுக்கு உத்தரவு சரியான நேரத்தில் போக வேண்டுமே!

முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் எழுதப்பட்ட காலத்தில் டயல்-அப் மோடம்தான். ஆயிரத்து ஐநூறு வில்லாளிகள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு உயிர் என்று அந்தக் கம்பியில் அனுப்பவே முடியாது. அதனால் படையின் நிலையை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தார்கள். உத்தரவை மட்டும் அனுப்புவது. எட்டுப் பேர் கணினியும் அதே உத்தரவை, அதே கணத்தில், அதே தற்செயல் எண்களை வைத்து நடத்திப் பார்ப்பது. உண்மையில் எட்டு வீட்டில் எட்டுப் போர் நடக்கிறது, எட்டும் ஒரே மாதிரி நடக்கிறது. இதைச் செய்த பால் பெட்னரும் மார்க் டெர்ரானோவும் 2001-ல் விவரமாக எழுதினார்கள்: நேரத்தை ஏறக்குறைய 200 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, இந்தத் துண்டில் கொடுத்த உத்தரவை ரெண்டு துண்டு தள்ளி எல்லார் கணினியிலும் நிறைவேற்றுவது. ஒரு கணினியில் ஒரே ஒரு மான் கொஞ்சம் திரும்பி நின்றாலும் போச்சு. அது வேறு இடத்தில் மேயும், அதைத் துரத்துகிறவன் குறி தவறுவான், சில நிமிஷத்தில் ரெண்டு கணினியில் ரெண்டு வரலாறு ஓடும், ஆட்டம் நின்றுவிடும். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கால் நொடித் தாமதத்தை ஆட்டக்காரன் உணர்வதே இல்லை. தாமதம் ஒரே சீராக இருந்தால் அரை நொடிகூடப் பழகிவிடும். ஒரு தடவை வேகமாகவும் ஒரு தடவை மெதுவாகவும் வந்தால்தான் கை தடுமாறும்.

நம்ம ஊர்ப் பிரச்சினை இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. ஆயிரம் மெகாவாட் உலை ரெண்டு ஓடுகிற ஊர், சுற்றிலும் காற்றாலைக் காடு. ஆனாலும் வீட்டில் லைட் ஒரு தடவை கண் சிமிட்டினால் ரௌட்டர் அணைந்து எழுந்து வர ரெண்டு நிமிஷம். எல்லாரும் ஒரே கணத்தில் அடியெடுத்து வைக்க வேண்டிய முறை என்பதால் மெதுவான ஆளின் வேகம்தான் எல்லாருக்கும். இங்கே ஒருத்தன் நெட் திணறினால் சென்னை, சிங்கப்பூர் என்று ஏழு பேர் திட்டுவார்கள். இந்தமாதிரி லைனில் உருமியை எடுக்காதீர்கள் என்பதுதான் நான் பையன்களுக்குச் சொல்லும் யோசனை. சேமித்த ஒரே அடியைச் சரியான கணத்தில் இறக்க வேண்டிய ஆள் அவன். ஈட்டிக்காரனைச் சந்தில் நிறுத்திவிட்டால் அரை நொடி போனாலும் வந்தாலும் அவனுக்கு ஒன்றுமில்லை.

சந்தில் நின்ற ஈட்டிக்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளிலேயே மறுபடி எழுப்பிவிட்டார். மண் சுவர், சுற்றி முள்வேலி. மார்ச் 31-ல் கும்பெனிப் படை பீரங்கியால் சுவரில் உடைப்பு ஏற்படுத்தி உள்ளே பாய்ந்தது. உடைப்பின் மேல் ஏறிய ஒவ்வொருத்தனையும் உள்ளே மறைந்து நின்றவர்கள் நீண்ட ஈட்டியால் குத்தித் தள்ளினார்கள். அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி இதைப் பிற்பாடு புத்தகத்தில் பதிவு செய்தார். துப்பாக்கியும் பீரங்கியும் வைத்திருந்தவன் பெரும் சேதத்தோடு பின்வாங்கினான். ஆயுதப் பட்டியலை மட்டும் பார்த்தால் இது நடந்திருக்கக் கூடாது. உடைப்பு குறுகல், ஈட்டி நீளம், மேலே ஏறுகிறவன் ஒவ்வொருத்தனாகத்தான் ஏற முடியும். ரெண்டு ஈட்டி, ஒரு குதிரைக் கணக்குதான் அங்கேயும்.

மே 24-ல் அதே கோட்டை விழுந்தது. இடைப்பட்ட எட்டு வாரத்துக்குள் ஈட்டி மழுங்கிவிடவில்லை, கையும் தளர்ந்துவிடவில்லை. கும்பெனிக்கு வெளியூரிலிருந்து புதுப் படையும் கூடுதல் பீரங்கியும் கர்னல் அக்னியூவும் வந்து சேர்ந்தார்கள். ஊமைத்துரைக்கு அப்படி அனுப்பி வைக்கக் கடல் கடந்த கஜானா எதுவும் இல்லை. கோட்டையை விட்டு வெட்டவெளிக்கு வந்தவர்களைக் குதிரைப்படை துரத்தியது. சந்தில் ஜெயித்த அதே ஈட்டிக்காரன்தான், அதே ஈட்டிதான். ஆட்டத்தின் மொழியில் சொன்னால், ஒரு பக்கம் தங்கம் தீரவே இல்லை.

ஆட்டத்தின் எடிட்டரில் பாஞ்சாலங்குறிச்சியைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஈட்டிக்காரன் பிரச்சினையில்லை, இருக்கிறபடியே பொருந்துகிறான். வளரிக்கு ஆள் இல்லை. எறிகோடரிக்காரனின் எண்ணை மாற்றி ஒப்பேற்ற வேண்டியதுதான். தொல்லை கொடுப்பது சுவர். ஆட்டத்தில் கல் மதில்தான் உசத்தி, மலிவான வேலி பீரங்கிக்கு ஒரு அடி தாங்காது. பாஞ்சாலங்குறிச்சியின் பிசுபிசுத்த களிமண்ணோ குண்டை வாங்கி விழுங்கிக்கொள்கிற வகை. மரவேலியின் விலையும் மதிலின் உயிரும் பீரங்கி மேல் தனிக் கவசமும் கொண்ட ஒரு சுவரை இப்போதைக்கு ஒட்டுப்போட்டு நிறுத்தியிருக்கிறேன். எட்டுக் குடியானவர்களை உள்ளே விட்டால், விழுந்த பகுதியை அடுத்த தாக்குதலுக்குள் அடைத்துவிடுகிறார்கள்.