பழகிப்போன பேய்

1978-இல் வெளிவந்த 'ஹாலோவீன்' படத்தின் கடைசி நிமிடங்களில், மருத்துவர் லூமிஸ் கொலைகாரனை ஆறு முறை சுடுகிறார். அவன் மாடியிலிருந்து கீழே விழுகிறான். எட்டிப் பார்த்தால் புல்தரையில் உடல் இல்லை. அதன் பிறகு திரையில் வருபவை ஆளில்லாத அறைகள், மாடிப்படி, இருண்ட வீடுகள். கூடவே ஒரு மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் எங்கே போனான் என்று படம் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற நினைப்போடு பார்வையாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மைக்கேல் மையர்ஸ் என்ற அந்தக் கொலைகாரனின் வரிசையில் 2022 வரை 13 படங்கள் வந்துவிட்டன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவன் நடமாடுகிறான். அவனைச் சுட்டார்கள், குத்தினார்கள், எரித்தார்கள். எல்லாவற்றுக்கும் பிறகு எழுந்து வந்தான். முதல் படம் ஊட்டிய பயம் மட்டும் அவனோடு எழுந்து வரவில்லை. 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்', 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', 'ஜாஸ்', 'ஹெல்ரெய்சர்' என எந்த நெடுந்தொடரை எடுத்தாலும் இதே சரிவைப் பார்க்கலாம். பேராசை, சோம்பல், கற்பனை வறட்சி என்று ரசிகர்கள் காரணம் சொல்வார்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் இன்னும் ஆழமான காரணங்கள் புள்ளியியலிலும், நம் மண்டைக்குள் இருக்கும் நரம்புகளிலும் இருக்கின்றன.

முதலில் புள்ளியியல். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியைவிட உயரமாக இருந்தாலும், பெரும்பாலும் பெற்றோர் அளவுக்கு உயர்வதில்லை என்பதை 1886-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் அளந்து காட்டினார். தற்செயலும் சேர்ந்து உச்சத்துக்குக் கொண்டுபோன எதுவும் அடுத்த முறை சராசரியை நோக்கி இறங்கும் என்பது இதன் பொதுவான சாரம். திகில் படங்களுக்கும் இது பொருந்தும். சிறு முதலீட்டில் எடுக்கப்படும் எத்தனையோ படங்களில், எல்லாம் கூடிவந்த ஒன்றிரண்டுக்குத்தான் அடுத்த பாகம் பிறக்கிறது. 'ஹாலோவீன்' சுமார் மூன்று லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. கொலைகாரன் அணிந்த முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகத்தை அச்செடுத்து விற்ற பொம்மை முகமூடி. இரண்டு டாலருக்கும் குறைந்த விலையில் அதை வாங்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளைச் சாயம் அடித்தார்கள். இசையை இயக்குநர் ஜான் கார்ப்பென்டரே அமைத்தார். வறுமையும் திறமையும் அதிர்ஷ்டமும் ஒரே புள்ளியில் சந்தித்தன. திறமையை மறுபடி வரவழைக்கலாம். அந்தச் சந்திப்பை வரவழைக்க முடியாது.

இரண்டாம் பாகம் ஏன் ஒரு படி இறங்குகிறது என்பதற்கு இந்த விளக்கம் போதும். ஆறாவதும் எட்டாவதும் ஏன் பாதாளத்துக்குப் போகின்றன என்பதற்கு வேறு இடத்தில் தேட வேண்டும்.

எரிக் காண்டல் என்ற நரம்பியல் அறிஞர் ஏப்லிசியா எனும் கடல் நத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் உடலில் உள்ள நீர்க்குழலை மெல்லத் தொட்டால், செவுளை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுபடி தொட்டால் சற்றுக் குறைவாக இழுக்கும். தொட்டுக்கொண்டே இருந்தால், ஏறத்தாழப் பொருட்படுத்தாமலே விட்டுவிடும். தொடுகையை உணரும் நரம்பு, தசையை இயக்கும் நரம்புக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவு ஒவ்வொரு முறையும் குறைகிறது என்று காண்டல் கண்டறிந்தார். கற்றலையும் நினைவையும் பற்றிய இத்தகைய ஆய்வுகளுக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் ஊரில் சொல்வது, சுமார் 20,000 நரம்பணுக்களே உள்ள ஓர் எளிய உயிரிலும் நடக்கிறது. தீங்கு செய்யாதது என்று தெரிந்த ஒன்றுக்காக ஆற்றலைச் செலவழித்துக்கொண்டிருந்தால் எந்த உயிரும் பிழைக்காது. ஆகவே பழகுவது உயிர்களின் மிகப் பழைய அறிவுகளில் ஒன்று.

மனிதர்களிடம் இதையே மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924-இல் எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார்கள். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தினார்கள். கடைசியில் பீட்டர் அந்த முயலைத் தடவிக்கொடுத்தான். அச்சம் தருவதை, பாதுகாப்பான இடத்தில், திரும்பத் திரும்பக் காட்டினால் அச்சம் தணியும். உயரம், சிலந்தி, லிஃப்ட் என்று எதையாவது கண்டு நடுங்குபவர்களுக்கு இன்று தரப்படும் சிகிச்சையின் வேர் இதுதான்.

ஒரு திகில் தொடர் தன் பார்வையாளர்களுக்குச் செய்வதும் இதையேதான். குளிரூட்டிய அரங்கு, மெத்தை இருக்கை, கையில் பாப்கார்ன். எதிரே அதே முகமூடி, அதே கத்தி, அதே இசை. நாற்பத்து நான்கு ஆண்டுகளில் பன்னிரண்டு அமர்வுகள். பயமுறுத்தக் கிளம்பிய தொடர், தனக்குத் தெரியாமலே நம்மைக் குணப்படுத்திவிடுகிறது.

பழகுவது கதையின் ஒரு பாதி. மறுபாதி, பயம் எதனால் ஆனது என்பது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஆய்வாளர்கள் 2016-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 45 பேர் கணினித் திரையில் கற்களைப் புரட்ட வேண்டும். அடியில் பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்னதிர்ச்சி விழும். வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து, யார் எப்போது அதிகம் பதறுகிறார்கள் என்று பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் விழும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, விழவும் செய்யலாம் விழாமலும் போகலாம் என்ற சரிபாதி நிலையில் பதற்றம் கூடுதலாக இருந்தது. வலியைவிட, வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதே உடலை அதிகம் உலுக்குகிறது.

திகில் கலையின் அடித்தளம் இதுதான். 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' எடுத்தபோது, இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமல் தண்ணீரையும் இசையையும் காட்டினார். படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகே அது முழுதாகக் கண்ணில் படுகிறது. அதற்குள் அலையடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் நாமே ஒரு சுறாவை வைத்துப் பார்த்துவிடுகிறோம். 1979-இல் வந்த ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' படத்திலும் அந்த உயிரினம் திரையில் தோன்றுவது மொத்தம் சில நிமிடங்களே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது இயக்குநர்களுக்கும் தெரிந்த உண்மை.

தொடர் வளர வளர இந்த இருட்டில்தான் கை வைக்கிறார்கள். முதல் 'ஹாலோவீன்' படத்தில் மைக்கேல் ஏன் கொல்கிறான் என்பதற்கு விடையே கிடையாது. ஆறு வயதில் அக்காவைக் கொன்றான், பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தப்பி வந்தான், அவ்வளவுதான். நடிகர் பட்டியலில்கூட அந்த முகமூடி மனிதனுக்குப் பெயர் இல்லை. 'உருவம்' என்ற பொருளில்தான் குறிப்பிட்டிருந்தார்கள். 1981-இல் வந்த இரண்டாம் பாகம், அவன் துரத்தும் லாரி என்ற இளம்பெண் அவனுடைய தங்கை என்றது. இதோடு அவன் எல்லோருக்குமான ஆபத்து என்ற நிலை போய், ஒரு குடும்பத்தின் சிக்கலாகிவிட்டான். அந்தக் குடும்பத்தில் பிறக்காதவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். 1995-இல் வந்த ஆறாம் பாகம், ஒரு ரகசியக் கூட்டத்தையும் பழங்கால மந்திரக் குறியையும் காரணமாகக் காட்டியது. 2007-இல் ராப் ஸோம்பி எடுத்த மறு ஆக்கம், அவனுடைய சிதைந்த பிள்ளைப் பருவத்தை விரிவாகச் சொன்னது. ஒவ்வொரு விளக்கமும் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் இருப்பது இதுதான் என்று காட்டிவிடுகிறது. அதன் பிறகு அந்தக் கல்லைக் கண்டு யாரும் வியர்ப்பதில்லை.

வணிகமும் இதே வேலையைத்தான் செய்கிறது. 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' தொடரின் நான்காம் பாகம் 1984-இல் 'இறுதி அத்தியாயம்' என்ற பெயரோடு வந்தது. மறு ஆண்டே ஐந்தாம் பாகம் வந்துவிட்டது. 1991-இல் 'எல்ம் ஸ்ட்ரீட்' தொடரின் கொலைகாரன் ஃப்ரெட்டி செத்துவிட்டான் என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். 1994-இல் திரும்பி வந்தான். கொலைகாரன் விழுந்தால் எழுவான், ஏனென்றால் அடுத்த படத்துக்கு அவன் தேவை என்பது சிறுவர்களுக்கும் தெரிந்த கணக்காகிவிட்டது. சரிபாதி நிலையில் இருந்த ஐயம் நூறு சதவீத உறுதியாக மாறிய பிறகு, பதறுவதற்கு உடலுக்குக் காரணம் இல்லை. 2011-இல் 'ஹெல்ரெய்சர்' வரிசையில் ஒன்பதாவதாக வந்த படம், உரிமை கைநழுவிப் போகாமல் இருப்பதற்காகவே அவசரமாக எடுக்கப்பட்டது. எட்டுப் படங்களில் தொடரின் பேயான பின்ஹெட்டாக வந்த டக் பிராட்லி அதில் நடிக்கவில்லை. மூலக் கதையை எழுதிய கிளைவ் பார்க்கர் வெளிப்படையாகவே அதைக் கைகழுவினார்.

பயம் வற்றிய இடத்தில் திடுக்கிடலை வைத்து நிரப்பப் பார்க்கிறார்கள். அமைதியான காட்சியில் திடீரென்று பேரொலி. தோளில் ஒரு கை. திடுக்கிடல் என்பது மூளைத்தண்டு வழியாக, நாம் நினைக்கும் முன்பே கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடியும் அனிச்சைச் செயல். அச்சம் வேறு. அது முன்கூட்டியே தொடங்கி, காட்சி முடிந்த பின்னும் நிற்கும். வீட்டுக்கு வந்து குளியலறை விளக்கைப் போட வைக்கும். திடுக்கிடலை ஒலிக்கலவை அறையில் தயாரிக்கலாம். அச்சத்தை அங்கே தயாரிக்க முடியாது.

அப்படியானால் ஏமாற்றம் நிச்சயம் என்று தெரிந்தும் ஏன் சீட்டு வாங்குகிறோம்? இதற்கு ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட ஆய்வு வெளிச்சம் தருகிறது. அர்த்தமற்ற சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி கண்டவை அவர்களுக்குப் பிடித்துப்போயின. கண்டுகொண்டே இருப்பது விருப்பத்தை வளர்க்கிறது. திகில் தொடருக்கு இது வரமும் சாபமும். அரங்கு நிறையும், ஆனால் வந்தவர்கள் கொலைகாரனை வரவேற்றுக் கைதட்டுவார்கள். 1984-இல் குழந்தைகளைக் கொன்றவனாக அறிமுகமான ஃப்ரெட்டி க்ரூகர், சில பாகங்களிலேயே நையாண்டி பேசும் நாயகனாகி, பொம்மையாகக் கடைக்கு வந்தான். ஜப்பானில் 1998-இல் 'ரிங்கு' படத்தில் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்த சடாகோ, 2012-இல் புதுப்பட விளம்பரத்துக்காக அதே வெள்ளை உடையில் மைதானத்துக்குள் வந்து, பேஸ்பால் ஆட்டத்துக்கு முதல் பந்தை வீசினாள். பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தது போல, ஒரு நாடே தன் பேயைத் தடவிக்கொடுத்த நாள் அது.

தொடர் எடுப்பவர்களின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது. கார்ப்பென்டர் 1982-இல் மூன்றாம் 'ஹாலோவீன்' படத்தை மைக்கேல் இல்லாத முற்றிலும் புதிய கதையாகத் தயாரித்தார். ஆண்டுக்கு ஒரு தனிக்கதை என்று வரிசையைக் கொண்டுபோவது அவர் எண்ணம். மக்கள் ஏற்கவில்லை, 1988-இல் மைக்கேலையே திரும்பக் கூட்டிவந்தார்கள். மாற்றினால் விருப்பம் போகிறது. மாற்றாவிட்டால் அச்சம் போகிறது.

தப்பும் வழி ஒன்று உண்டு. அதுவும் ஆய்வகத்தில் தெரிந்ததுதான். தணிந்த அச்சம் மூளையிலிருந்து அழிந்துவிடுவதில்லை. முன்மூளையின் ஒரு பகுதி, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவை அடக்கி வைக்கிறது. சூழல் மாறினால், அடங்கிய அச்சம் மீண்டும் தலைதூக்கும். ஆனால் வெறும் இடத்தை மாற்றினால் போதாது. 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' கொலைகாரன் ஜேசனை நியூயார்க்குக்கும் பிறகு விண்வெளிக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். விதிகள் பழையவையாகவே இருந்ததால் எதுவும் மாறவில்லை. ஃப்ரெட்டியை உருவாக்கிய வெஸ் கிரேவன் 1994-இல் 'நியூ நைட்மேர்' எடுத்தபோது விதியையே மாற்றினார். ஃப்ரெட்டி படத்துக்குள்ளிருந்து, அதை எடுத்தவர்களின் வாழ்க்கைக்குள் நுழைகிறான். நடிகையும் இயக்குநரும் தாங்களாகவே வருகிறார்கள். எது கதை, எது நிஜம் என்ற ஐயம் புதிதாகப் பிறந்தது. 2018-இல் வந்த 'ஹாலோவீன்', முதல் படத்துக்குப் பின் வந்த எல்லா விளக்கங்களையும் ஒரேயடியாகத் துடைத்தது. தங்கை உறவையும் வதந்தி என்று ஒதுக்கியது. 40 ஆண்டுகள் கழித்து மைக்கேல் மறுபடி காரணமற்றவன் ஆனான். ஒரு கோடி டாலரில் எடுக்கப்பட்ட படம் 25 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் பின்வந்த இரண்டு பாகங்களும் மறுபடி விளக்கத்திலும் போதனையிலும் இறங்கி, கிடைத்ததைக் கரைத்தன.

ஆகவே தொடர் எடுப்பவர்களிடம் கேட்க வேண்டியது பெரிய பட்ஜெட்டோ கூடுதல் ரத்தமோ அல்ல. பேய்க்கு வரலாறு எழுதாதீர்கள். எழுதியிருந்தால் கிழித்துப் போடுங்கள். முந்தைய படம் எந்த விதியை நமக்குக் கற்றுக்கொடுத்ததோ, அதை முதல் காட்சியிலேயே உடையுங்கள். எட்டாம் பாகத்தில் கொட்டாவி விட்டவர்களும் தங்கள் ரசனையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொட்டாவியை வரவழைத்த திறன், சிலந்தியைக் கண்டு நடுங்குபவரை ஒரு நாள் அதன் அருகே அமர வைக்கும் திறனேதான். மனித மனம் எந்தப் பேயையும் கடைசியில் பழக்கிவிடுகிறது. அந்த மனத்தின் முன்னால் பேய் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் தெரியாத ஒன்றோடுதான் வர வேண்டும்.