சொந்த மண்ணை அறிய ஊர் ஏரியிலிருந்து தொடங்கலாம்

நாட்டு வரலாறு என்றவுடன் அரண்மனை, கோட்டை, போர்க்களம் ஆகியவையே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஊர் ஓரத்தில் இருக்கும் ஏரியை எவரும் வரலாற்றுச் சின்னமாக நினைப்பதில்லை. ஆயினும் தமிழ்நாட்டின் இயற்கை, பண்பாடு, வரலாறு ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் காண வேண்டுமானால் அந்த ஏரிக்கரைக்குத்தான் செல்ல வேண்டும். இது பெருமைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. வரத்துக் கால்வாய் எந்த வழியே வந்தது என்று சொல்ல ஆளில்லாத ஊரில், அக்கால்வாய் வயலாகவும் மனையாகவும் மாறிவிடுகிறது. பிறகு நல்ல மழை பெய்த ஆண்டிலும் ஏரி நிரம்புவதில்லை. ஏரியின் வரலாறு தெரிந்தால்தான் அதன் நீரை உரிமையோடு கேட்டுப் பெற முடியும்.

ஏரி ஏன் தோன்றியது?

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்துவிடுகிறது. அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்துள்ளது. தடுத்து நிறுத்தாவிட்டால் அந்த நீர் விரைவில் கடலைச் சேர்ந்துவிடும். ஆகவே சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு நீரைத் தேக்கும் முறையை முன்னோர் கண்டனர்.

இவ்வாறு அமைந்த ஏரிகளும் கண்மாய்களும் மாநிலத்தில் சுமார் 40 ஆயிரம் உள்ளன. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் ஏரி என்றும், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் கண்மாய் என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றில் பல, சங்கிலி போல ஒன்றோடொன்று தொடர்புடையவை. மேல் ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியே வழியும் நீர் கீழ் ஏரிக்கு வரத்தாகிறது. ஆகவே ஓர் ஊரில் கால்வாய் அடைபட்டால் அடுத்தடுத்த ஊர்களும் காய்கின்றன.

கல் சொல்லும் செய்தி

இராணிப்பேட்டை மாவட்டம் மகேந்திரவாடியில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு, மகேந்திர தடாகம் என்ற ஏரியின் கரையில் அக்கோயில் அமைந்ததாகக் கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஏரியைக் கொண்டு இடத்திற்கு அடையாளம் சொன்னார்கள் என்பது இதனால் விளங்கும்.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. அவை ஏரி பராமரிப்புக்கும் சான்றாகும் என்பதை உழவர்கள் கவனிக்க வேண்டும். ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்தது. அதற்கு 6 உறுப்பினர்கள். பதவிக்காலம் 360 நாட்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு நிற்க முடியாது. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலத்திற்கு ஏரிப்பட்டி என்று பெயர். இன்றைய பாசன சங்கங்களுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய குமிழித் தூம்புகளைப் பல ஏரிகளில் இன்றும் காணலாம். ஏரியின் உள்ளே, கரைக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு கல்தூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்கும். அடியில் கல்தொட்டி இருக்கும். தொட்டியின் மேல் உள்ள பெரிய துளை நீரோடி. அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளைகள் சேறோடி. நீரோடியை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், நீருடன் ஓரளவு சேறும் கரைந்து, சுருங்கை வழியே வயலுக்குப் போகும். ஏரியின் மண் சிறிது குறையும். வயலுக்கு வண்டல் சேரும்.

கரையோரப் பண்பாடு

மடையைத் திறந்து, அடைத்து, வயல்தோறும் நீர் பாய்ச்சியவரை நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரால் அழைத்தனர். அறுவடையில் அவருக்கு நெல்லாகப் பங்கு தரப்பட்டது. ஏரிக்கரையில் அய்யனாரும், மடை அருகில் கருப்பசாமியும் காவல் தெய்வங்களாக நிற்பதைத் தென் மாவட்டங்களில் காணலாம். கோடையில் நீர் வற்றும்போது ஊர் கூடி மீன்பிடித் திருவிழா நடத்தும் வழக்கம் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்றும் உள்ளது.

வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த நீர் பயிருக்கு எருவாகும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்ப் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

எப்படி நலிந்தது?

கம்பெனி ஆட்சியில் ஊர்ப் பொது வருவாயின் பெரும்பகுதி அரசாங்கக் கஜானாவுக்குச் சென்றது. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்து தளர்ந்தது. 1858-இல் அதைக் கட்டாயமாக்கச் சட்டம் வந்தும் பழைய நிலை திரும்பவில்லை. பின்னர் மின்மோட்டாரும் கிணறும் பெருகியபோது, ஏரியைப் பற்றிய அக்கறை மேலும் குறைந்தது. 1960-ஐ ஒட்டிய காலத்தில் சுமார் 9 லட்சம் ஹெக்டேருக்கு ஏரிநீர் பாய்ந்தது. அண்மைக் காலத்தில் பல ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏரி நிரம்பினால்தான் ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊற்று ஏறும். ஆகவே கிணறு வைத்திருப்பவருக்கும் இது நட்டமே. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரி சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

மண்மேட்டினால் வரும் இழப்பையும் கணக்கிடலாம். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஓர் அடி உயரம் மண் படிந்தால், 12 கோடி லிட்டருக்கு மேல் கொள்ளளவு குறைகிறது. ஒரு போக நெல்லுக்குச் சுமார் 4 அடி நீர் தேவை எனக் கொண்டால், அது 25 ஏக்கர் நெல்லுக்கு உரிய நீராகும்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

1. நீர்க்கட்டி வேலை பார்த்த முதியவர்களைக் கண்டு, வரத்துக் கால்வாய்கள், மடைகளின் பெயர்கள், கலிங்கல் நீர் செல்லும் வழி, பற்றாக்குறைக் காலத்து முறைப்பாசன ஒழுங்கு ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களோடு இந்த அறிவும் மறைந்துவிடக் கூடாது.

2. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்து, ஏரி, கால்வாய், ஓடை ஆகியவற்றின் புல எண்களையும் பரப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பாக, இளைஞர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வரத்துக் கால்வாயைத் தலைப்பிலிருந்து ஏரி வரை நடந்து பார்க்க வேண்டும். அடைப்பும் ஆக்கிரமிப்பும் எந்தப் புல எண்ணில் உள்ளன என்று குறிக்க வேண்டும்.

4. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. புல எண்ணும் பரப்பும் குறிப்பிட்டு, பாசன சங்கத்தின் பெயரால் நீர்வளத் துறைக்கும் மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திற்கும் மனு கொடுக்கலாம். "கால்வாயைக் காணோம்" என்று பொதுவாக எழுதும் மனுவைவிட இது பயன் தரும்.

5. வண்டல் மண் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். கரைக்கும் மடைக்கும் அருகில் தோண்டக் கூடாது. மணற்பாங்கான நிலத்திலும் செம்மண் நிலத்திலும் வண்டல் இட்டால் ஈரம் தங்கும் தன்மை கூடும். களிமண் நிலத்திற்கு இது பெரும்பாலும் தேவையில்லை. மண் பரிசோதனை செய்து முடிவெடுப்பது நல்லது.

6. மடைக்கல்லிலோ தூம்பிலோ எழுத்துகள் இருந்தால், அதைப் பெயர்க்கவோ வண்ணம் பூசவோ கூடாது. தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் ஊரின் பழைய பெயரும், ஏரியை வெட்டியவர் பெயரும் இருக்கக்கூடும்.

எழுதித் தொகுத்த விவரங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதிந்து, ஒரு படியைப் பாசன சங்கத்திலும் மற்றொன்றை ஊர்ப் பள்ளியிலும் வைப்பது நலம். ஏரி எங்கிருந்து நீர் பெறுகிறது, எங்கே விடுகிறது என்பதை ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் சொல்லத் தெரிந்திருந்தால், நாளை அக்கால்வாயை எவரும் எளிதில் மறைத்துவிட முடியாது. வரும் பருவமழைக்கு முன் இப்பணியை உழவர் பெருமக்கள் தொடங்குவார்களாக.