பழுது எங்கே?

1923ஆம் ஆண்டிலே, கொழும்புக் கோட்டையில் மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசை வானலையில் ஏறியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பரும் அவருடைய துணைவர்களும், போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு தாமே அமைத்த கருவி அது. 1925 டிசெம்பர் 16இல் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. ஆகவே, நம் நாட்டு வானொலியே கையாற் செய்த ஒரு மின்சுற்றிலிருந்து பிறந்தது எனலாம்.

அக்கோட்டைக்கு நெடுந்தொலைவில்லாத ஜிந்துப்பிட்டியில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையில் ஒரு விரியலாக்கி செய்தான். அதாவது, மெல்லிய ஒலியை மிகுவித்துத் தரும் சுற்று. செவிப்புலன் மங்கிய அவன் தாத்தா மாலைச் செய்தியைக் கேட்க வேண்டுமென்பதே நோக்கம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே பாகங்கள் வாங்கினான். எல்.எம். 386 என்னும் எட்டுக் கால் சில்லு ஒன்று, சில கொள்ளளவிகள், ஒலிபெருக்கி, 9 வோல்ற்றுப் பற்றறி. எல்லாம் பூட்டினான், ஓசையே இல்லை. சில்லை மாற்றினான், மறுபடியும் மாற்றினான், பயனில்லை.

"மாமா, இது எனக்குக் கைவராது. அப்பாவும் இதை விட்டுவிட்டுப் பாடத்தைப் பார் என்கிறார்" என்று பெட்டியை என்னிடம் கொண்டுவந்தான்.

நேயர்களே, அவன் செய்த பிழை ஒன்றே. பழுது இருக்கும் இடத்தை அறியுமுன் பாகத்தை மாற்றினான். வைத்தியர் நாடி பாராமல் மருந்து கொடுப்பதில்லை. மின்சுற்றுக்கும் அதுவே முறை. நோய் எங்கே என்று அளந்து அறியவேண்டும்.

முதலில் உணவு செல்கிறதா என்று பார்த்தோம். சில்லின் ஆறாவது காலுக்கும் நான்காவது காலுக்கும் இடையே பன்மானியை வைத்தபோது 9 வோல்ற்றுக் காட்டியது. பற்றறியிலன்றிச் சில்லின் காலிலேயே அளந்ததால், இடையிலுள்ள கம்பியும் ஆளியும் நல்லனவென்பதும் தெளிவாயிற்று.

அடுத்தது ஐந்தாவது கால். ஒலி வெளிவரும் வாயில் அதுவே. ஒலி இல்லாத வேளையில் அங்கே பற்றறி அழுத்தத்தின் ஏறக்குறையப் பாதி நிற்கவேண்டும். 4.5 வோல்ற்று நின்றது! சில்லு பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்பதற்கு இது சான்று. கழற்றி எறிந்த முந்திய இரண்டும் கூடக் குற்றமற்றவையாகவே இருந்திருக்கலாம்.

பின்னர், ஒலி புகும் மூன்றாவது காலை விரலால் தொடச் சொன்னேன். வீட்டு மின்கம்பிகளின் தாக்கம் உடலின் வழியே புகுந்து, 'ம்ம்' என்ற இரைச்சலாக ஒலிபெருக்கியில் எழவேண்டும். எழவில்லை. சில்லுக்கு உயிருண்டு, ஒலிபெருக்கியோ ஊமை. எனவே பழுது இவ்விரண்டுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியின் முனைகளைத் தனியே ஒரு 1.5 வோல்ற்று மின்கலத்தில் கணப்பொழுது தொட்டோம், 'கரக்' என்றது. அதுவும் நலமே. எஞ்சியது ஒரு கொள்ளளவியும் இரண்டு பற்றுகளுமே.

பற்றறியைக் கழற்றிவிட்டுச் சில்லின் காலுக்கும் கொள்ளளவியின் காலுக்கும் இடையே தொடர்பைச் சோதித்தோம். தொடர்பே இல்லை. கண்ணுக்கு ஒட்டியதுபோலத் தோன்றிய பற்றாசு, உண்மையில் உருண்டு திரண்டு மேலே உட்கார்ந்திருந்தது.

ஜிந்துப்பிட்டிக்கு அருகே செட்டியார் தெருவிலே பொற்கொல்லர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். பொருத்தவேண்டிய இரு துண்டுகளும் சூடேறினாலன்றிப் பற்றாசு ஓடிக் கலவாது. மாணவனோ பற்றாசைக் காய்ச்சுகோலில் உருக்கித் துளியாக இட்டிருந்தான். கோலின் நுனியால் கம்பியையும் தகட்டையும் ஒருங்கே சூடாக்கி, அந்தப் பொருத்திலே பற்றாசைத் தொட்டு, அது இறுகும்வரை அசையாமற் பிடிக்கச் சொன்னேன். பற்றறியைப் பூட்டினோம். இம்முறை விரல் பட்டதும் பெட்டி முழங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரலால் தொடும் சோதனை பற்றறியில் இயங்கும் சிறு சுற்றுக்கு மட்டுமே உரியது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, உயிரைக் குடிக்கவல்லது. அதில் இயங்கும் கருவியை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலால் பயிற்சி இல்லாதார் அதைத் திறத்தலாகாது.

இம்முறை எந்தச் சுற்றுக்கும் பொருந்தும். மின்னூட்டத்தை முதலில் அளந்து, சுற்றைப் பகுதிகளாகப் பிரித்து, நலமான பகுதியை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தால், பழுது ஒளிந்துகொள்ள இடமில்லாது போகும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. அளந்ததைக் குறித்து வைக்க.

அன்று மாலை தாத்தா செய்தி கேட்டார். சத்தம் சற்று அதிகம் என்று குறையும் சொன்னாராம். பேரன் மகிழ்ச்சியோடு திருகைக் குறைத்தான்.