கறுத்த புளியை ஒதுக்க வேண்டாம்

மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கியதும் போன வருடத்துப் புளி கடையின் மூலைக்குப் போய்விடும். நிறம் கறுத்துவிட்டது என்பதுதான் அதன் மேல் சொல்லப்படும் குற்றம். புதுப்புளி சிவந்து பளபளவென்று இருக்கிறது; விலையும் அந்த நிறத்துக்குத்தான். புளியறை, புளியங்குடி என்று பெயரிலேயே புளியைச் சுமக்கும் ஊர்கள் உள்ள தென்காசி மாவட்டத்திலும் இதே கதைதான். (புளியங்குடிக்கு இப்போது எலுமிச்சையால்தான் பேர் என்பது வேறு விஷயம்.)

புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் இதுதான் முக்கிய அமிலம். பல பழங்களில் காய் கனியும்போது புளிப்பு குறையும். புளியில் சர்க்கரை கூடுமே தவிர இந்த அமிலம் அப்படியே நிற்கும். சேமிப்பிலும் எளிதில் சிதையாது. வெப்பமும் ஈரமும் பட்டால் முதலில் மாறுவது நிறம்தான். சாம்பார், ரசத்துக்கு நிறம் வேண்டும் என்று ஓட்டல்காரர்கள் புதுசு கேட்பது நியாயம். வத்தக்குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் பழசு குறைந்ததல்ல. சித்த மருத்துவத்தில் பழம்புளி என்றே கேட்டு வாங்குவார்கள்.

ஐரோப்பாவில் சிவப்பு ஒயினுக்கு, திராட்சை விளைந்த ஆண்டைப் பார்த்து விலை வைக்கிறார்கள். பிரான்சின் போர்டோ பகுதியில் 2000-ம் ஆண்டு ஒயினுக்குப் பெரிய பேர். அதன் நிழலில் நின்ற 2001 மலிவாகக் கிடைத்தது. விவரம் தெரிந்தவர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். நம் புளிக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. ஒரு வருடம் காய்த்துக் குலுங்கும் மரம் அடுத்த வருடம் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். குலுங்கிய வருடம் விலை சரிகிறது என்று மொத்தத்தையும் தள்ளிவிடாமல் ஒரு பங்கை நிறுத்திவைத்தால், காய்ப்பு குறைந்த வருடம் பேரம் பேச உங்கள் கையில் சரக்கு இருக்கும். எல்லா வருடமும் லாபம் என்று சொல்ல முடியாது. வெளி மாவட்ட வரத்தும் குளிர்பதனக் கிடங்குகளின் இருப்பும் விலையைப் புரட்டிவிடும். அதனால் கடன் வாங்கி இருப்பு வைக்க வேண்டாம்.

நம் பகுதிக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது: சாரல். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தில் கூட்டம் சேர்க்கிறது. அதே காற்றுதான் இலஞ்சி, பண்பொழி, மேக்கரை வீடுகளில் சாக்கில் கட்டிய புளியைக் கசிய வைக்கிறது. வறண்ட ஊரில் தாங்கும் சாக்கு இங்கே தாங்காது. எனவே வைகாசி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். ஓடு, நார், கொட்டை நீக்கி, நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் தடித்த பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் அழுத்திக் கட்ட வேண்டும். கொட்டையோடு வைத்தால் வண்டு துளைக்கும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, அமிலம் அரிக்கும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். வீட்டுத் தேவைக்கு மண்பானையில், கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பு சேர்த்து அடைத்து வைக்கலாம். விற்பதற்கு வைப்பதில் உப்பு வேண்டாம். எடை கூட்டியதாக வியாபாரி சந்தேகப்படுவார். வாடகை கட்டுப்படியானால் குளிர்பதனக் கிடங்கில் வைக்கலாம், நிறமும் நிற்கும்.

பழசு எல்லாமே நல்லது என்று நினைத்து ஏமாறவும் கூடாது. கறுத்திருப்பது வேறு, கெட்டிருப்பது வேறு. நல்ல பழம்புளி பிசுபிசுப்பாக இருக்கும், நீர் ஒழுகாது. முகர்ந்தால் இனிப்புக் கலந்த புளிப்பு மணம் வரும். கள் வாடை அடித்தாலோ, வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ, பிய்த்தால் பொடி உதிர்ந்தாலோ தொடாதீர்கள். மூட்டையின் மேல்பகுதியை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பாருங்கள். ஒரு எலுமிச்சை அளவு உருண்டையை வெந்நீரில் கரைத்து, அடியில் மண் படிகிறதா, நுரை கட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.