தைரொயிட் நோயில் எந்த எண்ணைப் பார்ப்பது?

கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியின் ஓமோன்தான் உடலியக்கத்தின் வேகத்தை நிர்ணயிக்கின்றது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி சிலரில் இச்சுரப்பியையே அந்நியமாகக் கருதித் தாக்குகின்றது. யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 இல் விபரித்த இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே பன்மடங்கு பாதிக்கின்றது.

சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மாதவிடாய் மிகுதி, மனச்சோர்வு என்பன இதன் அறிகுறிகள். இடம்பெயர்ந்த குடும்பங்களில் இவற்றைக் 'கவலைதான்' என்று ஒதுக்கிவிடுகிறோம். கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் ஒருமுறை இரத்தத்தைப் பரிசோதிப்பது நல்லது.

பரிசோதனைத் தாளில் பிறபொருளெதிரி ஆயிரத்தைத் தாண்டினால் வீட்டார் பதறுகின்றனர். அதைக் குறைப்பதற்கென்று தோட்டை அடகுவைத்துச் சத்துமா வாங்குவோரும், மாதந்தோறும் அதே பரிசோதனையைச் செய்வோரும் உளர். இது வீண் செலவு. பிறபொருளெதிரி, வயலில் காணும் பன்றிக் காலடி போன்றது. பன்றி வந்ததைச் சொல்லும். எவ்வளவு பயிர் அழிந்தது என்று சொல்லாது. அதைச் சொல்வது ரி.எஸ்.எச். என்னும் பரிசோதனையே. வைத்தியர் குளிசையின் அளவைத் தீர்மானிப்பதும் அதைக் கொண்டுதான். பிறபொருளெதிரி இருந்தும் ரி.எஸ்.எச். சரியாக இருந்தால், பெரும்பாலும் மருந்து தேவையில்லை. ஆண்டுக்கொருமுறை பரிசோதித்தால் போதும். இரண்டும் கூடியிருந்த பெண்களுள், ஆண்டுக்கு நூற்றுக்கு நால்வர் அளவில் சுரப்பி செயலிழந்ததாக இங்கிலாந்தின் விக்கம் ஆய்வு கண்டது.

தைரொக்சின் குளிசையை அதிகாலை வெறும் வயிற்றில் தண்ணீருடன் எடுங்கள். தேநீருக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். (நமக்கு இதுதான் கடினம்!) இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. தகரக் கூரையின் வெக்கை மருந்தைப் பழுதாக்கும். மூடிய பெட்டியில் நிழலான இடத்தில் வையுங்கள். அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மீண்டும் பரிசோதனை.

1995 இல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. அந்த உப்பைக் கைவிட வேண்டாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது அவசியம். ஆனால் மேலதிகமாக அயடீன் மருந்து எடுப்பது இந்நோயைக் கூட்டலாம். அவித்த கோவாவை விலக்கத் தேவையில்லை.

கருத்தரித்தால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். குளிசையின் அளவைப் பெரும்பாலும் கூட்ட நேரும். ஒருநாள் தவறினால் பெருந்தீங்கில்லை, வாரக்கணக்கில் தவறுவதே ஆபத்து. ஆகவே இடம்பெயரும்போது அடையாள அட்டையுடன் கிளினிக் கொப்பியையும் மீதிக் குளிசைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கொப்பி தொலைந்தாலும், எத்தனை மைக்ரோகிராம் என்பதை வீட்டில் இன்னொருவர் மனனமாக வைத்திருக்கட்டும்.