சொல் பிறந்த கதை – 12: பானை ஓடும் கேப்டன் பாய்காட்டும்

பேச்சு, கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் நிறுத்தி ஒருவரை ஊரே ஒதுக்கிவைப்பதை ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்பார்கள். தலையங்கங்களிலும் போட்டித் தேர்வுகளிலும் தலைகாட்டும் இந்தச் சொல்லுக்கு மூலம், கிரேக்க மொழியின் ‘ஆஸ்ட்ரகான்’. உடைந்த பானை ஓடு என்று பொருள்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், இந்த ஆண்டு யாரையாவது நாடு கடத்த வேண்டுமா என்று மக்கள் மன்றத்தில் கேட்பார்கள். வேண்டும் என்று முடிவானால், தமக்கு ஆகாதவர் பெயரைக் குடிமக்கள் பானை ஓட்டில் கீறிப் போடுவார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. அகப்பட்டவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும். சொத்து மட்டும் பறிபோகாது. சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை முறியடித்த தெமிஸ்டக்ளீஸுக்கே இந்தக் கதி நேர்ந்தது. அவர் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றில் கிடைத்தன. எழுத்தை ஒப்பிட்டபோது, அத்தனையையும் ஒரு சிலரே எழுதியிருந்தது தெரிந்தது. ஆள் பிடித்து வாக்குச் சேர்ப்பது அன்றைக்கே இருந்திருக்கிறது போலும்.

இதே பொருளில் இன்னொரு சொல் பிறந்தது 1880-இல், அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில். ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கேப்டன் சார்லஸ் பாய்காட். விளைச்சல் பொய்த்த ஆண்டில் குத்தகையைக் கேட்டபடி குறைக்க மறுத்து, குடியானவர்களை வெளியேற்ற முயன்றார். குடியானவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கத்தார் அவரைத் தொடவில்லை, தள்ளிவைத்தார்கள். வேலையாட்கள் நின்றார்கள், கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள். அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து சுமார் 50 பேரைப் படைக் காவலோடு வரவழைக்க வேண்டியதாயிற்று. காவலுக்கு ஆன செலவு, காப்பாற்றிய விளைச்சலின் மதிப்பைப்போலப் பல மடங்கு.

இந்தத் தண்டனைக்கு என்ன பெயரிடுவது என்று பேச்சு வந்தது. ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்றால் குடியானவர்களுக்கு விளங்காது என்று கருதிய ஜான் ஓமாலி என்ற பாதிரியார், கேப்டனின் பெயரையே வைக்கலாம் என்றாராம். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்த செய்தி இது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளும் ‘பாய்காட்’டை விரைவிலேயே எடுத்துக்கொண்டன.

இன்று இரண்டும் ஒன்றல்ல. தேர்தலை, கிரிக்கெட் போட்டியை, ஒரு நிறுவனத்தின் சோப்பை ‘பாய்காட்’ செய்யலாம். ‘ஆஸ்ட்ரசைஸ்’ செய்ய முடியாது. அதற்கு ஒரு மனிதர் வேண்டும், அவரை விலக்கிவைக்க ஒரு கூட்டமும் வேண்டும். தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆள் பெயரில் பிறந்த இன்னொரு சொல் ‘ஜெரிமாண்டர்’: தமக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைதல். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரி கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான ஒரு தொகுதி, வரைபடத்தில் ‘சாலமாண்டர்’ என்னும் பல்லி போன்ற பிராணியாகத் தெரிந்தது. பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து கேலிச்சித்திரமாக்கி, இரண்டு பெயர்களையும் ஒட்டிவிட்டது. ஆளுநர் தம் பெயரைக் ‘கெர்ரி’ என்றே உச்சரித்தார். சொல் மட்டும் ‘ஜெரி’யாகிவிட்டது.