மழை வந்தாலும் கேஸ் பார்பிக்யூவை கேரவனுக்குள் கொண்டுபோகாதீங்க!

பிரிட்டனில் கேரவன் பயணம்னா மழையும் கூடவே வரும். பாதி வெந்த சிக்கனோடு கேஸ் பார்பிக்யூவை உள்ளேயோ, கேரவனை ஒட்டிய கூடாரத்துக்கோ தூக்கிட்டுப் போகத் தோணும். கூடவே கூடாது. மூடிய இடத்தில் காற்று போதாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமில்லை, வாசனையில்லை, தலைவலியில் ஆரம்பித்து உயிரையே எடுத்துவிடும்.

குளிர்காலத்தில் அடுப்பு சரியா எரியலையா? பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டி ஆவியாகாமல் திணறும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும்.

சுத்தம் செய்வதில் பலரும் கிரில் கம்பியைத் தேய்ப்பதோடு நிறுத்திடறாங்க. இளஞ்சூட்டிலேயே சுரண்டினால் அது சுலபமா வந்துடும். மறந்துபோவது அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைத்தான். நேற்றைய கொழுப்பு தேங்கியிருந்தால் இன்று அதுதான் தீப்பிடிக்கும். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்க. குமிழி வந்தால் கசிவு, பற்றவைக்காதீங்க.